அண்ணன் போட்ட கோடு

அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் அண்ணி உள்ளே போய்விடுவார். மெத்தை, தலையணை, திரைச்சீலை விற்கும் கடை. அடுக்கிலிருந்து ஒரு தலையணை உறையை உருவி, அதிலிருக்கும் கறுப்புக் கோட்டின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுப்பார். பாதியில் நகம் நின்றுவிடும். “இங்கதான் தம்பி வளையணும். வளையுதா பாருங்க.”

வளையாது.

அந்தக் கோடு என் அண்ணனுடையது. மஞ்சள் பரப்பில் சாய்வாக இறங்கும் கறுப்புக் கோடு, ஓரத்தில் துண்டுச் சிவப்பு. கண்காட்சியில் தொங்கிய அவனுடைய கடைசிப் படம். நோயில் கை நடுங்கியபோது போட்டது. பாதி வழியில் கோடு தடுமாறி, சுதாரித்துக்கொண்டு இறங்கும். அவன் போன பிறகு எவனோ அதைக் கணினியில் ஏற்றி, தடுமாற்றத்தைத் துடைத்து, கோட்டை நிமிர்த்தித் துணியில் அச்சடித்துவிட்டான். ‘நவீன ஓவிய வரிசை’ என்று அட்டை தொங்குகிறது. போட்டவன் பெயர் இல்லை.

படம் துணியில் இறங்கியதற்காக அண்ணி கோபப்படவில்லை. அது வந்ததே துணியிலிருந்துதான். அண்ணி தையல்காரர். அவர் வெட்டிப் போடும் துண்டுகள் தரையில் கிடக்கும் விதத்தைப் பார்த்துத்தான் அண்ணன் வரைவான். பெருக்க விடமாட்டான். “குப்பையப் பாத்துப் படம் போடுற ஆளு நீங்க ஒருத்தர்தான்” என்பார் அண்ணி, உதட்டில் குண்டூசியைக் கவ்வியபடியே. “அவங்க தையல்மேல ரயிலே விடலாம்” என்பார்கள் வாடிக்கையாளர்கள். அந்தத் திமிரில், “ஸ்கேல் தரட்டுமா?” என்று அண்ணனைச் சீண்டுவார்.

“நீ நேரா போறதுக்கும் சேத்து நான் கோணலா போறேன், விடு.”

போன வாரம் கடை மேலாளரோடு சண்டையே வந்துவிட்டது.

“இது என் வீட்டுக்காரர் போட்ட படம்.”

“டிசைன்தானேம்மா. கம்பெனியிலேருந்து வருது, விக்கிறோம்.”

“வித்துட்டுப் போங்க. திருடுனதையாவது ஒழுங்கா திருடக் கூடாதா? அந்த மனுசன் நடுங்கி நடுங்கிப் போட்ட கோடு. அதை எவன் நிமித்தினான்?”

“கோணலா இருந்தா டேமேஜ்னு கஸ்டமர் திருப்பிக் குடுத்துடுவாங்கம்மா.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மஞ்சள் வேண்டும், கறுப்பு வேண்டும், ஓரத்துச் சிவப்புகூட வேண்டும். எங்கள் அண்ணன் மிச்சமிருந்த அந்த ஓரிடம் மட்டும் இவர்களுக்குப் பழுது.

அண்ணி ஓர் உறையை வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, கறுப்பு நூலைக் கோத்தார். அச்சடித்த கோட்டின் மேலேயே ஊசி ஓடியது, வழக்கம்போல இம்மி பிசகாமல். பாதி வழியில் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார். பிறகு வலது கையால் சக்கரத்தை மெல்லச் சுற்றி, இடது கையால் துணியை அசைத்து அசைத்து, ஒவ்வொரு தையலாக ஊசியைக் கோட்டைவிட்டு மஞ்சளுக்குள் இறக்கினார்.