எண்ணெயில் மறைந்த வெள்ளை

பெயின்ட் ஆலை ஆய்வகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற என் கண்முன்னே, ஜன்னலுக்கு அடிக்க ஆளிவிதை எண்ணெயில் சீமைச்சுண்ணாம்புத் தூளைக் கொட்டினான் பெயின்டர். அந்த எண்ணெய் வாசத்தில் நான் வளர்ந்த கடற்கரை ஊரான புன்னைக்காயல் நினைவில் வந்துவிட்டது.

அன்று, வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் புதுப் படகை மாதா கோயில் சாமியார் மந்திரித்து ஆசீர்வதிக்க வேண்டும். எண்ணெயில் கலக்க டைட்டானியம் வெள்ளை நிறமியை அப்பா வாங்கச் சொன்னால், எல்லாம் தெரிந்த மாமா இதே தூளோடு வந்தார்.

"சுவத்துல வெள்ளையாத்தான இருக்கு மச்சான்? எண்ணெயில மட்டும் ஓடிப்போயிருமாக்கும்!"

ஓடித்தான் போனது. தண்ணீரில் கரைத்து அடித்தால் காய்ந்ததும் வெளுக்கும் தூள் எண்ணெயில் கண்ணாடிபோலாகிவிடும். படகு கழுநீர் பூசியதுபோல் நின்றது; பலகையில் ஆணியெல்லாம் தெரிந்தது.

தீர்த்தம் தெளிக்க வந்த சாமியார் கேட்டார்: "பெயின்ட் எப்ப அடிப்பீங்க?"

ஊரே சிரித்தது. அப்பா தலைகுனிந்தார். மாமா கூசாமல் சொன்னார்: "மரத்தோட அழகு தெரியட்டும்னு விட்டுட்டோம், சாமி."

"காஞ்சா வெளுத்துரும் சார்" என்கிறான் இப்போது இந்தப் பெயின்டர். இவனுக்காக வேதியியல் மாறப்போவதில்லை. போகச் சொல்லிவிட்டேன்.