அழுதது நானு

மஸ்கட்டில் எங்கள் அறையில் வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் புத்தகம் பேசுவோம். கடலூர், சிதம்பரம், நெல்லிக்குப்பம் பக்கத்து ஆட்கள் எட்டுப் பேர். மாதத்துக்கு ஒரு புத்தகமாவது படித்து, மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்ய வேண்டும். படிக்காதவன் பிரியாணி தேக்சாவைக் கழுவ வேண்டும். அதற்குப் பயந்து, பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு ஒரு நாவலைப் பற்றி இருபது நிமிஷம் பேசியவன் நான். எட்டில் ஒருவர் கனடாவுக்கும் ஒருவர் சிங்கப்பூருக்கும் போய்விட்ட பிறகு, தண்ணீர் கேனில் போனைச் சாய்த்து வைத்து அவர்களையும் வீடியோவில் சேர்த்துக்கொண்டோம்.

எங்களில் நன்றாகச் சொல்பவன் என் அறைக்காரன், சிதம்பரத்துக்காரன், ஏசி மெக்கானிக். விடியற்காலைக் கம்பெனி பஸ்ஸில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான். ‘போன்ல புக்கு ஓடுது மச்சான்’ என்பான். வெள்ளிக்கிழமை அவன் வாயைத் திறந்தால் சாப்பிட்ட கை காய்வதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்போம்.

போன வருஷ லீவில் நான் ஊருக்கு வந்தபோது அவன் வீட்டுக்கு ஒரு பார்சல் கொடுத்துவிட்டிருந்தான். பிஸ்தா, சோப்பு, மகளுக்கு ஒரு வாட்ச். கடலூரிலிருந்து பஸ் ஏறிச் சிதம்பரத்தில் இறங்கி, மேல வீதிக்குப் பின்னால் இருந்த சந்தைக் கண்டுபிடித்துப் போனேன். அவனை நான் மச்சான் என்று கூப்பிடுகிற கணக்கில் அவன் மனைவி எனக்குத் தங்கை. காப்பி கொடுத்தாள். அலமாரி நிறையப் புத்தகம். காப்பியை வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்புகிற ஜாதியா நான்? கணவனைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லிவைப்போம் என்று ஆரம்பித்தேன்.

“அந்த அணைக்கட்டுக் கதை இருக்குதில்ல, ஊரே தண்ணில முழுவுற நாவல்? உன் வீட்டுக்காரன் சொன்னான் பாரு, அசந்துட்டோம்மா.”

“எந்த எடம் சொன்னாங்கண்ணா?”

“தண்ணி ஏறி வருது, அந்தம்மா அப்பவும் வாசப்படியக் கழுவிக்கிட்டு இருக்கும்ல? அந்த எடத்துல புக்க மூடி வச்சிட்டு அழுதுட்டேன்னான். ரெண்டு நாள் தொடவே முடியலையாம்.”

அவள் அலமாரியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அவுங்களா அழுதாங்க?”

“ஆமாம்மா.”

“அழுதது நானு.”

அப்புறம்தான் சொன்னாள். விடியற்காலை பஸ்ஸிலிருந்து அவன் போன் செய்வானாம். நேத்து எதுவரைக்கும் படிச்ச என்று கேட்பானாம். பஸ் போய்ச் சேரும்வரை இவள் கதை சொல்வாளாம். ஏழு வருஷமாக.

“கதைய எடுத்துக்கிட்டா பரவால்லண்ணா. கதன்னா நாலு பேருக்குச் சொல்றதுதான். என் அழுவையையுமா எடுத்துக்கணும்?”

மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு முதுகு நனைந்துவிட்டது. நல்லா இருந்த ஒரு குடும்பத்தைக் காப்பி ஆறுவதற்குள் கலைத்துவிட்டேன். உண்மையைச் சொல்வதற்கு நிதானம் வேண்டும். பொய் சொல்ல என் வாய் எப்போதும் தயார்.

“அய்யய்யோ, நான்தாம்மா மாத்திச் சொல்லிட்டேன். வயசாவுதில்ல? ‘எங்க வீட்ல படிச்சிட்டு அழுதாங்க’ன்னுதான் சொன்னான். உன்னப் பத்திப் பேசாம அவன் வாயே தொறக்க மாட்டான்.” அங்கேயே நிறுத்தியிருக்கலாம். “உனக்கு அங்க பேரே இருக்குது, தெரியுமா? நடமாடும் நூலகம்!”

அவள் முகம் மலர்ந்தது. எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“எல்லாருக்கும் தெரியுமா அப்ப? இந்த வெள்ளிக்கிழம நானும் வர்றேண்ணா. நானே ஒரு புக்கு சொல்றேன். லிங்க் அனுப்புங்க.”

பஸ் புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் அவனுக்குப் பதினோரு முறை போன் அடித்தேன். வேலை நேரத்தில் எடுக்க மாட்டான் என்று தெரிந்தும் அடித்தேன். பக்கத்து சீட்டுக்காரர், “ஆஸ்பத்திரி விஷயமா சார்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். சாயந்திரம் அவனே கூப்பிட்டான்.

“மச்சான், ஒரு சின்ன விஷயம்...”

“சின்ன விஷயம்னு நீ சொன்னா பெருசாத்தான் இருக்கும். சொல்லு.”

சொன்னேன்.

“அவகிட்ட எதுக்குடா வாயத் தொறந்த?”

“நீ எதுக்குடா அவ அழுதத நீ அழுததாச் சொன்ன?”

“வாரம் பூரா நான் யாருடா இங்க? ஏசி டக்ட் கழட்டுறவன். வெள்ளிக்கிழம ஒரு மணி நேரந்தான் எல்லாரும் என் வாயப் பாக்குறீங்க.” கொஞ்சம் நிறுத்தினான். “நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீ ஆரம்பிச்ச, நீயே முடிச்சிக்கோ.”

முடித்துவைக்கக் கிளம்பினேன். மற்ற ஆறு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, சத்தியம் வாங்கினேன். அவர்கள் உளறிவிடக்கூடாதே என்று நானே ஒரு வசனமும் தயாரித்துக் கொடுத்தேன்: ‘உங்களைப் பத்திப் பேசாம அவர் வாயே தொறக்க மாட்டாரும்மா, நீங்க எங்களுக்கு நடமாடும் நூலகம்.’ நெல்லிக்குப்பத்துக்காரர் எழுதிக்கொண்டு எனக்கே படித்துக் காட்டினார். கனடாக்காரர் ஒத்திகை பார்க்கலாமா என்றார். மூன்று நாள் நான் தூங்கியதைவிட எழுந்து நடந்ததுதான் அதிகம். “என்னாங்க, பொண்ணு பாக்க வர்றாங்களா உங்கள?” என்றாள் என் மனைவி.

வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் பிரிட்ஜ் மேல். அங்கே போனை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். அவள் திரையில் வந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். அவன் மஸ்கட் அறையில் சுவரோரமாகத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

சிங்கப்பூர்க்காரர் முதலில் சொன்னார்: “உங்களைப் பத்திப் பேசாம அவர் வாயே தொறக்க மாட்டாரும்மா.” அவள் சிரித்தாள். கனடாக்காரர் அதையே சொன்னார், நூலகத்தோடு சேர்த்து. சிரிப்பு பாதியாயிற்று. மூன்றாவதாக நெல்லிக்குப்பத்துக்காரர், கண்ணைக் கீழே வைத்துக்கொண்டு, ஒரு எழுத்து பிசகாமல் வாசித்தார். என் வசனத்தை மூன்றாம் முறை கேட்டபோதுதான் அது எவ்வளவு மட்டமான வசனம் என்று எனக்கே தெரிந்தது. ஆளுக்கு ஒன்றாக எழுதிக் கொடுக்கத் தோன்றவில்லையே!

அவள் ஒன்றும் கேட்கவில்லை. கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். ரயில்வே கேட் காவல்காரன் ஒருவன், வீட்டை விட்டுப் போன மகள் என்றாவது ஒரு நாள் இந்தத் தண்டவாளத்தில்தான் திரும்ப வருவாள் என்று மாற்றலே வேண்டாமென்று இருக்கிறான். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தணிக்க வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்கு ஏற்கெனவே பழக்கமாக இருந்தது. இத்தனை வருஷமாக அவனிடம் நாங்கள் ரசித்த அதே நிறுத்தங்கள், அதே தணிவு. எட்டுப் பேருக்கும் அது புரிந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

“முடிவ அவுங்க சொல்லுவாங்க. ஏழு வருசமா அவுங்கதானே சொல்றாங்க. என்னாங்க, சொல்லுங்க.”

இந்த ஒரு கதையை அவள் விடியற்காலைப் போனில் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. அவன் எழுந்து அறையை விட்டு வெளியே போனான். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

“நெட்வொர்க்கு சரியில்ல போலருக்குது” என்றார் நெல்லிக்குப்பத்துக்காரர். அவரை யாரும் கேட்கவில்லை.

“அண்ணா.”

“சொல்லும்மா.”

“நடமாடும் நூலகம், அது நீங்களே கட்டுனதுதானே?”

சாவு வீட்டில்கூட ஆளைச் சிரிக்க வைப்பவன் நான். அன்றைக்குப் பிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு, “ஆமாம்மா” என்று மட்டும் சொன்னேன்.

“சரி” என்றாள். “பாதியில விடக்கூடாது, முடிச்சிடுறேன். மவ அந்த ரயில்லதான் வர்றா. ஆனா எறங்கல. அவன் அவளப் பாத்துட்டு, பச்சக் கொடிய ஆட்டி அனுப்பிடுறான். நல்ல புக்கு. எல்லாரும் படிங்க.”

திரையிலிருந்து போய்விட்டாள். அன்றைக்கு யாரும் கைதட்டவில்லை.

ஒரு வாரம் கழித்து நான் மஸ்கட்டுக்குத் திரும்பிப் போனபோது அவன் வேறு அறைக்கு மாறியிருந்தான். வெள்ளிக்கிழமைகளில் அவன் வருவதில்லை. அவள்தான் வருகிறாள், கனடாக்காரர் குழுவில் சேர்த்துவிட்டார். மாதம் ஒரு புத்தகம் சொல்லிவிட்டு, வேறு பேச்சு வைத்துக்கொள்ளாமல் போய்விடுகிறாள். அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்பதென்றால் எனக்கு வேடிக்கையாகத்தான் கேட்க வரும். அதனால் கேட்கவில்லை.

மெஸ்ஸில் சில நாள் என் எதிரில்தான் அவனுக்கு இடம் கிடைக்கிறது. உப்பு மட்டும் கேட்கிறான். தள்ளி வைக்கிறேன்.