யோர்டிஸ் ஓட்டிப் பார்த்த பச்சை வண்டி

எங்கள் பழைய வாகனச் சங்கத்தில் யோர்டிஸ் ஹெட்லுண்டை யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் எங்களில் யாரையும் பெரிதாகப் பிடித்துவிடவில்லை. இருந்தும் சங்கத்துப் பத்திரிகை தபாலில் வந்ததும் எல்லோரும் முதலில் புரட்டுவது அவள் எழுதும் பக்கத்தைத்தான். உறுப்பினர் ஒருவரின் வண்டியை ஒரு நாள் வாங்கி ஓட்டிப் பார்த்து, அது எப்படிப்பட்டது என்று எழுதுவாள். படம் எடுப்பது என் வேலை. என் பெயர் ரூனே, மர ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எங்கள் ஹெல்சிங்லாந்து மாகாணத்து மண் சாலைகளில் நான் வாங்கிய குலுக்கல் கொஞ்சநஞ்சமல்ல.

யோர்டிஸ் வாழ்நாள் முழுக்க வண்டி ஓட்டியவள். தனியாக இருக்கும் வயதானவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் நகராட்சி வேலை. ஒரு வீட்டில் மாத்திரை கொடுத்து, காலுறை மாட்டிவிட்டு, பனியைத் தள்ளிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். புருஷன் நார்வேக்கு எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனவன், அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். இரண்டு பையன்களையும் அவளேதான் வளர்த்தாள். பாதி நாள் வீட்டிலும் பாதி நாள் ஒரு ஸ்டேஷன் வேகனிலுமாக அவர்கள் வளர்ந்தார்கள். செங்கல்லை நீட்டி வைத்தது போன்ற அந்தப் பெட்டி வண்டியின் பின் சீட்டில் வாந்தி எடுக்காமல் வளர்ந்தவர்கள் எங்கள் நாட்டில் குறைவு. அடித்தகடு துருப்பிடித்துச் சாலை தெரிகிற வரைக்கும் அதை ஓட்டினாள். பிறகு எந்த வண்டியைப் பற்றி எழுதினாலும் அவள் கேள்வி ஒன்றுதான்: இதில் ஒரு குடும்பம் போக முடியுமா?

அதற்காக அவள் சோதிக்கும் விதம் எல்லோருக்கும் எரிச்சலாக இருந்தது. பளபளவென்று துடைத்து நிறுத்திய வண்டியில் உருளைக்கிழங்கு மூட்டையை ஏற்றுவாள், மடங்காத பழைய குழந்தை வண்டி ஒன்றைத் திணிப்பாள். அப்புறம் அவளுடைய வேட்டை நாய் புஸ்ஸே. ஏரியில் குளித்துவிட்டு வந்து பின் சீட்டில்தான் உதறும். ஒருத்தனின் வண்டியைப் பற்றி, “என்ஜின் சத்தம் இனிமை. வண்டிக்காரர் பேச்சை நிறுத்தினால் கேட்கலாம்” என்று எழுதினாள். அவன் இரண்டு கோடை சங்கத்துக்கே வரவில்லை.

எவர்ட் நூர்லிங் எங்கள் சங்கத் தலைவன். காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளராக இருந்தவன். எண்பதுகளில் மகள் பிறந்தபோது புதிதாக வாங்கிய கரும்பச்சை ஸ்டேஷன் வேகன் ஒன்று அவனிடம் இருந்தது. யோர்டிஸ் ஓட்டித் தேய்த்த அதே வகை. ஆனால் எவர்டின் வண்டியில் சீட்டுக்கு மேல் கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறைகூட அப்படியே இருந்தது. இலையுதிர் காலத்தில் அதற்குப் போர்வை போர்த்தினால், பனி உருகச் சாலையில் போடுகிற, தகட்டைத் துருவாக்கும் உப்பை வசந்த மழை கழுவும் வரை வெளியே எடுக்கமாட்டான். ஒவ்வொரு கோடையிலும் எங்கள் கண்காட்சியின் முதல் பரிசு அந்த வண்டிக்குத்தான்.

அதை யோர்டிஸிடம் கொடுக்காமல் அவன் வருஷக்கணக்கில் நழுவி வந்தான். கடைசியில் ஒரு ஆண்டுக் கூட்டத்தில், பட்டாணி சூப் குடித்து முடித்த சூட்டில், அவளிடம் அடிபட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து அவனை மடக்கினார்கள். எங்க வண்டிய எல்லாம் எழுதிக் கிழிச்சாளே, உன் வண்டி மட்டும் என்ன ராஜா வண்டியா என்று ஒருவன் கேட்டான். எவர்ட் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டான். நாய் கூடாது, சாப்பாடு கூடாது, தானும் கூடவே வருவேன் என்று நிபந்தனை போட்டான்.

மே மாதத்தில் சாலை காய்ந்தது. நாங்கள் போனபோது எவர்ட் கராஜ் வாசலில் கையுறை போட்டுக்கொண்டு நின்றிருந்தான். யோர்டிஸ் நாயோடுதான் வந்தாள். அவன் நாயைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“நாய் வேணாம்னு சொன்னேன்ல?”

“சொன்ன. நான் சரின்னு சொல்லல.”

புஸ்ஸேயை நான் பிடித்து வேலியில் கட்டினேன். அது ஊளையிட ஆரம்பித்ததும் எவர்டின் மனைவி பார்ப்ரு வெளியே வந்தாள். மெலிந்த, அதிகம் பேசாத பெண்மணி. கையில் காபி பிளாஸ்க்கும் இலவங்கப்பட்டை பன்னும் இருந்தன. வண்டியில் வேண்டாம் என்று எவர்ட் தலையாட்டினான். உடனே யோர்டிஸ் பார்ப்ருவையும் ஏறச் சொன்னாள். எதற்கு என்று எவர்ட் கேட்டான்.

“குடும்ப வண்டிய சோதிக்கிறேன். குடும்பம் வேணாமா?”

பார்ப்ரு பிளாஸ்க்கைப் படியில் வைத்துவிட்டு, மேல்கோட்டை எடுத்து வந்து ஏறினாள். அவளும் எவர்டும் பின் சீட்டில், நான் முன்னால். பிளாஸ்டிக் உறை அசையும் போதெல்லாம் கிரீச்சிட்டது.

ஓட்ட ஆரம்பித்ததும் யோர்டிஸின் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது, கைக்குப் பழகிய பழைய பாத்திரத்தை எடுத்தவள் போல இருந்தாள். நின்ற இடத்திலேயே வண்டியை முழுவட்டமாகத் திருப்பிக் காட்டினாள். நான்கு புறமும் கண்ணாடியாக இருந்ததால் பின்னால் வந்த சைக்கிள்காரர்கூட முழுசாகத் தெரிந்தார். ஹீட்டரைத் திருகினாள். அடுப்பு போலச் சூடு வந்தது. பள்ளத்தில் இறங்கினால் வண்டி ஒரு பெருமூச்சு விட்டு எழுந்தது, அவ்வளவுதான். வேகமாகப் போகிற ஜாதி இல்லை. மேட்டில் லாரிக்குப் பின்னால் பொறுமையாகத்தான் ஏறியது. அவள் வாய்விட்டுப் பாராட்டவில்லை, எவர்ட் பின்னால் இருந்தான் அல்லவா.

கராஜுக்குத் திரும்பி அவள் டிக்கிப் பக்கம் போனபோதுதான் சண்டை தொடங்கியது. பின் சீட்டை மடக்கச் சொன்னாள். எவர்ட் இறங்கி நின்று முனகினான். கொக்கி நகரவே இல்லை, ஒரு நாளும் மடக்கியதில்லை. அவள் முழங்காலால் முட்டியதும் டப்பென்று விழுந்தது. எவர்ட் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். அவள் கொண்டுவந்திருந்த உருளைக்கிழங்கு மூட்டை ஏறியது. குழந்தை வண்டியும் அப்படியே நின்றபடி உள்ளே போனது. உடைச்சா நீதான் பொறுப்பு என்று அவன் சொல்ல, உடையற மாதிரி இத செய்யல, நீதான் பயந்து சாகற என்று அவள் சொன்னாள்.

எல்லாவற்றையும் இறக்கி, சீட்டை நிமிர்த்தி மறுபடி ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் கருகல் நாற்றம் அடித்தது. ஏரிக்கரையில் நிறுத்தினோம். பின்சக்கரம் ஒன்று தொட முடியாத சூட்டில் இருந்தது. பிரேக் இறுகிக்கொண்டு விடவில்லை. ஓடாமலே நிற்கிற வண்டிக்கு வருகிற வியாதி அது. எவர்ட் தரையில் துணி விரித்து மண்டியிட்டுச் சக்கரத்தைப் பார்க்கப் போனான். நாங்கள் மூவரும் உள்ளேயே இருந்தோம்.

பார்ப்ரு ஜன்னல் பக்கம் பார்த்தபடி, யாரிடமும் இல்லாதது போலப் பேசினாள். இந்த டிக்கியில் தான் ஒரு பால் டப்பாகூட வைத்ததில்லை என்றாள். மகள் இல்வாவைப் பள்ளிக்குக் கொண்டுபோனதும், கடைக்குப் போனதும் எல்லாமே தன் சின்ன வண்டியில்தான். அப்புறம், இல்வா பனிச்சறுக்கில் விழுந்து காலை உடைத்துக்கொண்ட கதை.

“பிப்ரவரி மாசம். என் வண்டி பனியில ஸ்டார்ட் ஆகல. இவர் கராஜ தொறக்கல. ரோட்டுல உப்பு போட்டிருக்காங்க, பக்கத்து வீட்டுக்காரன கூப்பிடறேன்னாரு. அவன் மாட்டுக் கொட்டாயில இருந்தான். அவன் வர்ற வரைக்கும் பொண்ணு சமையலறைத் தரையில கெடந்தா.”

யோர்டிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பார்ப்ருவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவர்ட் எழுந்து முழங்காலைத் தட்டினான். பேச்சு அதோடு நின்றது.

அவள் எழுதிய கட்டுரை பத்திரிகைக்குப் போகும் முன் நான் படித்தேன். முக்கால்வாசி பாராட்டுதான். குடும்பம் நடத்துகிறவர்களை மனதில் வைத்து இதைவிட நல்ல வண்டி இந்த நாட்டில் யாரும் செய்யவில்லை என்று எழுதியிருந்தாள். துணி துவைக்கும் இயந்திரமும் இரண்டு பிள்ளைகளும் ஒரே பயணத்தில் போகலாம் என்றும், இடித்தாலும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் என்றும் இருந்தது. கடைசிப் பத்தி இப்படி: “ஆனால் எவர்ட் நூர்லிங்கின் வண்டி குடும்ப வண்டி அல்ல. அதில் குடும்பம் ஏறியதே இல்லை. கால் உடைந்த குழந்தை சமையலறைத் தரையில் கிடக்க, இந்த வண்டி போர்வைக்குள் ஈரம் படாமல் இருந்தது. பரிசுக் கோப்பையை அந்தத் தரைக்குக் கொடுத்திருக்கலாம்.”

கடைசிப் பத்தியை எடுத்துவிடு என்று நான் சொன்னேன். அது பார்ப்ரு நம்மிடம் சொன்னது, ஊருக்குச் சொன்னதல்ல என்றேன். வண்டி எப்படின்னுதானே எழுதச் சொன்னாங்க, எழுதிட்டேன் என்றாள். பத்திரிகையை அச்சுக்கு அனுப்புகிறவன் அவள் பக்கத்தைப் படித்துப் பார்க்கிற வழக்கமே இல்லை. அப்படியே வந்துவிட்டது.

பத்திரிகை வந்த வாரமே அவசரக் கூட்டம். ஊர்ச் சமூகக் கூடம் நிரம்பிவிட்டது. யோர்டிஸ் கடைசி வரிசையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். எவர்ட் எழுந்தான். குரல் உயரவில்லை.

“உன் புருஷன் உன்ன விட்டுட்டுப் போனான். அந்த எரிச்சலத் தூக்கி என் வீட்டு மேல போட்டுட்ட. எங்க வீட்டுல எல்லாமே ஒண்ணு மாத்தி ஒண்ணு கெட்டுப்போச்சு. என் உத்தியோகம், பொண்ணு எங்கூடப் பேசறது, எல்லாம். அந்த வண்டி ஒண்ணுதான் வாங்கின மாதிரியே இருந்துச்சு. அது உனக்குப் பொறுக்கல.”

யோர்டிஸ் பதில் சொல்லியிருப்பாள், வாயைத் திறந்தும்விட்டாள். அதற்குள் முன்வரிசையில் பார்ப்ரு எழுந்து திரும்பினாள். அவள் யோர்டிஸ் பக்கம் பேசுவாள் என்று சிலர் நினைத்திருப்பார்கள். நானும் நினைத்தேன்.

“நான் உன்கிட்ட சொன்னேன். நீ என்கிட்ட கேட்டியா?”

அவ்வளவுதான் சொன்னாள். உட்கார்ந்துவிட்டாள். யோர்டிஸ் திறந்த வாயை மூடினாள். அவளிடமிருந்து அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாம் என்று கை தூக்கச் சொன்னபோது, என்னையும் இன்னொருத்தனையும் தவிர எல்லாக் கைகளும் மேலே போயின. என் கை தூங்கிக்கொண்டிருந்தது என்று வெளியே வந்ததும் ஒருவன் கிண்டல் செய்தான்.

ஜனவரியில் நான் யோர்டிஸின் கூரையிலிருந்து பனியை வாரிக்கொண்டிருந்தேன். அவளுக்கு முழங்கால் கெட்டுப்போயிருந்தது. சாலையில் உப்பும் சேறும் கலந்து கஞ்சியாக ஓடிய நாள். அந்தச் சேற்றில் பச்சை வண்டி வந்து அவள் முற்றத்தில் திரும்பியது. பச்சை என்று தெரிந்தவனுக்குத்தான் தெரியும். கதவுவரை சாம்பல் நிறத்தில் உப்பு அப்பியிருந்தது. பின்னால் கூரைவரைக்கும் விறகு, அதுவும் ஈர விறகு. பிளாஸ்டிக் உறைகளைக் காணோம். பார்ப்ரு முன் சீட்டில் இருந்தாள், இறங்கவில்லை.

எவர்ட் இறங்கினான், கையுறை இல்லை. யோர்டிஸ் படியில் வந்து நின்றாள்.

“எழுது இப்ப,” என்றான்.

“என்கிட்டருந்து புடுங்கிட்டீங்களே.”

“அப்ப நல்லாப் பாரு. பாத்துக்கிட்டே இரு.”

அவன் சக்கரத்துக்கு மேலே இருந்த தகட்டைக் காலால் உதைத்தான். உப்புக் கட்டி உதிர்ந்து விழுந்தது. ஏறி உட்கார்ந்து, வேண்டுமென்றே அவளுக்காக நான் பனி வழித்து வைத்திருந்த பாதையை எல்லாம் மிதித்துக் குழப்பிவிட்டுப் போனான். அவன் கண் கலங்கியிருந்ததைக் கூரையிலிருந்து நான் பார்த்தேன். அவள் பார்த்தாளா தெரியாது.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் அதை ஓட்டினான். கடைக்கும், குப்பை கொட்டவும், மீன் பிடிக்கவும் போனான். கோடையில் கண்காட்சிக்குக் கொண்டுவரவில்லை. சக்கரத்தைச் சுற்றிப் பெயிண்ட் கொப்பளிக்க ஆரம்பித்திருந்தது.

அந்தக் கோடைக்கு முன்பே, ஈஸ்டருக்கு, இல்வா யெவ்லே நகரத்திலிருந்து வந்தாள். நான் யோர்டிஸ் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினாள். நாற்பதை நெருங்குகிற பெண், அப்பாவின் நெற்றி. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

“அது என் கால். அதப் பத்தி எழுத நீ யாரு?”

யோர்டிஸ் கதவை இன்னும் அகலமாகத் திறந்தாள்.

“எங்க ஆபீஸ்ல எவனோ அதப் படிச்சுட்டு வந்து என்கிட்ட பரிதாபப்படறான். எங்கப்பா எனக்கு என்ன செஞ்சாருன்னு எனக்குத் தெரியும். அத எப்ப சொல்லணும்னும் எனக்குத் தெரியும்.”

“இப்ப உங்கப்பா வண்டியிலதான வந்த?” என்று யோர்டிஸ் கேட்டாள். சாலையோரத்தில் அது நின்றது. பின் சீட்டில் இல்வாவின் இரண்டு பிள்ளைகள் எதையோ பிடுங்கி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அதுக்கும் உனக்கும் சம்பந்தமில்ல,” என்று சொல்லிவிட்டு இல்வா போனாள்.

யோர்டிஸ் அடுப்படிக்குத் திரும்பி எனக்கு இன்னொரு கோப்பை ஊற்றினாள். வழிந்து தட்டில் நிறைந்தது. அவ சொல்றது நியாயம்தான் என்றாள். தட்டைத் துணியால் துடைத்தபடி, மறுபடி எழுதச் சொன்னா அதையேதான் எழுதுவேன் என்றும் சொன்னாள். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னாள்.

அவள் பக்கத்தை இப்போது டயர் கடைக்காரன் ஒருவன் எழுதுகிறான். அவனுக்கு எல்லா வண்டியும் அருமை, எல்லா வண்டிக்காரரும் தங்கம். யாரும் படிப்பதில்லை. போன இலையுதிர் காலத்தில் நிர்வாகக் குழு என்னை அவளிடம் தூது அனுப்பியது. மன்னிப்பு எல்லாம் வேண்டாம், திரும்ப எழுதினால் போதும் என்று சொல்லச் சொன்னார்கள். எவர்ட் இன்னமும் தலைவனா என்று கேட்டாள். ஆமாம், அவனும் சரியென்று கை தூக்கினான் என்றேன். அவள் உருளைக்கிழங்கின் தோலைச் சீவுவதை நிறுத்தவில்லை.

“வேணாம் ரூனே,” என்றாள். “போறப்ப கதவ நல்லா சாத்திட்டுப் போ.”