நீல மூடி

அந்தக் கிடங்கில் வருடம் முழுவதும் நான்கு டிகிரி குளிர். வெளியே தார் உருகும் வெயிலானாலும் உள்ளே வேலை பார்க்கிறவருக்குக் கம்பளிச் சட்டை வேண்டும். அதனால் கிடங்குக் காப்பாளருக்கு அலுவலகம் முழுவதும் ஒரே பெயர்தான்: ஸ்வெட்டர். அவர் காத்தது சேறு. ஆய்வுக் கப்பல்கள் கடலடியைத் துளைத்து எடுத்துவந்த சேறும் மணலும், நெடுக்காகப் பிளந்த குழாய்களில் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டிருந்தன.

"சேத்துக்கு ஏசி, எங்களுக்கு ஓடாத ஃபேன். அடுத்த ஜென்மத்துல சேறாத்தான் பொறக்கணும்" என்பார் லாரி டிரைவர்.

"அதுக்கு எதுக்குய்யா அடுத்த ஜென்மம்? உன் லாரியைப் பாத்தா இப்பவே பாதி தூரம் வந்துட்ட" என்பார் ஸ்வெட்டர்.

நிலம் கடற்கரையோடு முடிந்துவிடுவதில்லை. தண்ணீருக்கடியிலும் மெலிந்துகொண்டே போய், எங்கோ ஓரிடத்தில் கடலடியின் கரும்பாறையைத் தொடுகிறது. அதுதான் கண்டத்தின் விளிம்பு. சில விளிம்புகளில் நிலம் நடுங்கும், எரிமலை வெடிக்கும். ஸ்வெட்டர் காத்த சேறு வந்த விளிம்பு அப்படிப்பட்டதல்ல. அது செயலற்ற விளிம்பு. எப்போதோ இன்னொரு கண்டத்திலிருந்து கிழிந்து பிரிந்தது. அன்றிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் வண்டலைச் சுமந்தபடி மெல்ல மூழ்கிக்கொண்டிருக்கிறது. குழாய்களும் அதையே சொல்லும்: அடியில் கரையோரத்து மணலும் சிப்பியும், மேலே போகப்போக ஆழ்கடலின் மாவு போன்ற சேறு.

ஒரே ஒரு குழாய் மட்டும் வேறு கதை சொன்னது. அதில் சேறு கீழே, மணல் மேலே. மூழ்கிய விளிம்பு ஒருமுறை எழுந்து, பிறகுதான் மறுபடி மூழ்கியிருக்கிறது என்று அதை வைத்து எழுதினார் நிலவியல் பேராசிரியை. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் மேடம். அந்த ஒரு கட்டுரையால்தான் வெளியுலகுக்கு அவரைத் தெரியும். இருபத்தொன்பது வருடமாகத் தினமும் நாலு மணிக்கு அவர் கிடங்குக்கு இறங்கி வந்து, வாசலில் ஸ்டூல் போட்டு ஸ்வெட்டரோடு டீ குடித்தார். ஸ்வெட்டருக்கு வேறு சிநேகிதர் கிடையாது.

கிடங்கைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றும்போது அந்தக் குழாயின் பழைய லேபிள் பசை காய்ந்து கழன்றது. அடியில் ஓர் அம்புக்குறி கீறியிருந்தது. கப்பலில் குழாயை வெட்டியதும் மேல்முனையைக் காட்டி முதலில் அம்பு கீற வேண்டும்; பிறகு மேல்முனைக்கு நீல மூடி, கீழ்முனைக்கு வெள்ளை மூடி. இந்த அம்பு வெள்ளை மூடியைக் காட்டியது. அந்தக் கப்பலில் ஸ்வெட்டரும் வேலைக்குப் போயிருந்தார்; அம்பும் அவர் கீறியது. மூடியும் அவர் போட்டது.

அந்தக் குழாய் எடுத்த தேதியைத் தேட அவருக்குப் பதிவேடு தேவைப்படவில்லை. அன்று மதியம்தான் கப்பலின் வயர்லெஸ் அறைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். மனைவிக்கு இரண்டு மாதம் முன்னதாகவே பிரசவம். பெண் குழந்தை. நாலு மணி நேரம் உயிரோடு இருந்தது. மேல்தளத்துக்குத் திரும்பியவரிடம் யாரோ "என்ன சேதி?" என்றார்கள். "ஒண்ணுமில்லை, வீட்லருந்து" என்று சொல்லிவிட்டுப் பதினோரு குழாய்களுக்கு மூடி போட்டார். இப்போது பதினொன்றையும் எடுத்துப் பார்த்தார். பத்து சரி. முதலாவதுதான் தவறு.

லேபிளைத் திரும்ப ஒட்டினார். ஒட்டிக்கொண்டது. யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் புது அலமாரியில் எல்லாக் குழாய்களையும் நீல முனை முன்னால் இருக்கும்படி செருக வேண்டும். முதல் தடவை தெரியாமல் செய்ததை இந்த முறை தெரிந்தே செய்ய வேண்டும். மூன்று நாள் அந்தக் குழாய் மேசையிலேயே கிடந்தது.

நாலாம் நாள் டீயின்போது சொன்னார். "மேடம், ஒரு குழாய் தலைகீழா இருக்கு."

"குழாய் மட்டுமாண்ணே? நம்ம ஆபீஸே தலைகீழாத்தான் இருக்கு."

குழாயின் எண்ணைச் சொன்னார். சிரிப்பு நின்றது. மேடம் உள்ளே போய், கம்பளிச் சட்டைகூடப் போடாமல், பூதக்கண்ணாடியோடு குனிந்தார். தண்ணீரில் மணல் படியும்போது பருமணல் முதலில் இறங்கும், பொடி பிறகு. அந்தக் குழாயில் ஒவ்வொரு மணல் அடுக்கிலும் பருமணல் மேலே இருந்தது.

"இதை முதல் நாளே பாத்திருக்கணும்ணே. நீங்க மூடியை மாத்திப் போட்டீங்க. நான் கண்ணை மூடிக்கிட்டேன்."

"ஐயோ மேடம், தப்பு என்னோடதுங்க."

"அன்னைக்கு என்ன ஆச்சு? நீங்க இப்படிப் பண்ற ஆளே இல்லையே."

கேள்வியில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் காரணத்துக்கும் சாக்குக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தக் குழந்தையைத் தூக்கித் தனக்கு முன்னால் பிடித்துக்கொள்வது போலிருந்தது.

"கவனக்குறைவுதான் மேடம்."

மேடம் தலையாட்டினார். அன்றிரவே தன் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதி அனுப்பினார். அதன்பிறகு கிடங்குக்கு வரவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. படிக்கட்டில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். கேள்வியின் கடைசியில் 'அண்ணே' இல்லை. இரண்டு மாதத்தில் ஓய்வும் பெற்றார்.

அறிவிப்பு அச்சானபோது ஸ்வெட்டர் அந்த இதழை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நாலே வரி. பிழை முழுவதும் தன்னுடையது என்று மேடம் எழுதியிருந்தார். மூடியைப் பற்றிப் பேச்சே இல்லை.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் அதைப் படித்துக் காட்டினார்.

"ஏன் அப்படி ஆச்சுன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"இல்லை. சாக்கு சொல்ற மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன்."

மனைவி ஒரு சட்டையை மடித்து முடித்தாள். அடுத்ததை எடுக்கவில்லை.

"அவ ஒருத்தி இருந்தாள்னு நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்குமே தெரியாதுங்க. மூணாவதா ஒருத்தங்களுக்காவது தெரிஞ்சிருக்கும்."

மேடம் ஊரைவிட்டே போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. சொல்வதற்கு ஸ்வெட்டருக்கு வேறு யாரும் இல்லை.