ஸ்டியரிங்கைக் கழற்றாமலே

புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் நெல்லின் ஈரப்பதம் பார்க்கும் வேலை எனக்கு. காரைக்குடியிலிருந்து பழைய கார் ஒன்றில் நானே ஓட்டிப் போய்வருவேன். வீட்டில் வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது. என் கணவர் நகை ஆசாரி. தங்கத்தை முடி கனத்துக்குக் கம்பியாக இழுத்துவிடுவார். ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொன்னால் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை காலை, ஆலை வாசலில் எனக்கு முன்னால் நின்ற லாரி திடீரென்று பின்னால் வரத் தொடங்கியது. ஹாரனை அழுத்தினேன். சத்தமில்லை. உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன். அப்போதும் இல்லை. என் பின்னாலும் ஒரு லாரி, நகர வழியில்லை. மூட்டை தைக்கும் அக்கா ஒருத்தி ஓடிவந்து முன் லாரியின் பக்கப் பலகையைப் படபடவென்று தட்டினாள். அது நின்றபோது என் பானெட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

சாயங்காலம் செக்காலையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். மெக்கானிக் இரண்டு தரம் ஹாரனை அமுக்கிப் பார்த்தார், அவ்வளவுதான்.

“ஸ்டியரிங்குக்குள்ள போற வயர் அத்துருச்சுக்கா. ஸ்டியரிங்கைக் கழட்டி உள்ள இருக்கிற பார்ட்டை மாத்தணும். மதுரையில இருந்து வரணும். நாலு நாள் வண்டி நிக்கட்டும்.”

“வேற எங்கயும் செக் பண்ண வேண்டாமா?”

“சொன்னா ஒங்களுக்கு வெளங்காதுக்கா. அண்ணனை வந்து பேசச் சொல்லுங்க.”

வந்து பேச வேண்டிய அண்ணனுக்கு ஹாரன் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே தெரியாது. சிரிப்பு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை, காரோடு வந்த புத்தகத்தை எடுத்து விரித்தேன். இத்தனை வருஷத்தில் அதைத் திறந்ததே அன்றுதான். பானெட்டைத் தூக்கி, ஹாரனுக்கான ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன். கம்பி முழுசாக இருந்தது.

கணவர் வாசற்படியிலிருந்தே, “ஷாக் அடிச்சிறப் போகுது” என்றார்.

“பேட்டரி கரண்ட்டு, அடிக்காது. நீங்க உள்ள உக்காந்து ஹாரனை அமுக்குங்க. வண்டி ஓடாது, பயப்படாதீக.”

தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். ஃபியூஸை மாட்டிவிட்டு, பக்கத்திலிருந்த ரிலேயில் காதை வைத்தேன். அமுக்கும்போது ஹாரனுக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் சின்னப் பெட்டி அது.

“அமுக்குறீகளா?”

“அமுக்கிட்டுத்தான இருக்கேன்.”

“விட்டு விட்டு அமுக்குங்க.”

டிக். டிக். டிக்.

எனக்குப் புல்லரித்தது. ஸ்டியரிங்கிலிருந்து ரிலே வரை ஒழுங்காக வருகிறது. உள்ளே வயர் அறுந்திருந்தால் இந்தச் சத்தமே கேட்காது. மெக்கானிக் சொன்னது தப்பு! அதே மாதிரி இன்னொரு ரிலேயைக் கழற்றி மாற்றிப் போட்டேன். ஹாரன் வாய் திறக்கவில்லை. ஆக, கோளாறு இதற்கு அங்குட்டு.

ஆலை எலக்ட்ரீஷியன் ஒரு பல்பில் இரண்டு வயரை இணைத்துக்கொண்டு மெஷின் மெஷினாகத் தொட்டுப் பார்ப்பார். பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் நானும் அப்படிச் செய்துகொண்டேன். முன் கிரில்லுக்குப் பின்னால் ஹாரன். அதில் செருகியிருந்த இரண்டு வயரையும் உருவி, பல்பை நடுவே வைத்து அமுக்கச் சொன்னேன். எரியவில்லை. பல்பின் ஒரு வயரை மட்டும் எடுத்து பேட்டரியின் நெகட்டிவில் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. அப்படியென்றால் கரண்ட் ஹாரன் வரை வருகிறது; திரும்பிப் போகத்தான் வழியில்லை. எர்த் போய்விட்டது.

அந்த எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். பம்பருக்குப் பின்னால், பாடியில் ஒரு போல்ட்டில் முடிந்தது. போன மாதம் பம்பரில் கீறல் விழுந்து அங்கே பெயிண்ட் அடித்திருந்தார்கள். கழற்றிய போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது புதுப் பெயிண்ட்டுக்கு மேலேயே முடுக்கியிருக்கிறார்கள். இத்தனை நாள் லேசாகத் தொட்டுக்கொண்டிருந்ததும் ஆட்டத்தில் விட்டுப்போய், இப்போது இரும்பும் இரும்பும் தொடவில்லை.

“ஒங்க அரம் ஒண்ணு குடுங்க” என்றேன்.

எட்டிப் பார்த்தவர், “தள்ளு, இது என் வேலை” என்று தானே குனிந்தார். வயர் முனையிலிருந்த வளையத்தையும் பாடியையும் தங்கத்தை ராவுகிற பக்குவத்தில் ராவினார். வெள்ளை இரும்பு தெரிந்தது. போல்ட்டை நான் முடுக்கி, வயர்களை மாட்டினேன். அவர் உள்ளே போய் அமுக்கினார்.

பாம்ம்ம்!

தலை பானெட்டில் இடித்தது. அவரோ பதற்றத்தில் கையை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தார். எதிர்வீட்டார் வெளியே வந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை ஒர்க்‌ஷாப் வாசலில் காரை நிறுத்தி ஒரு தடவை அடித்தேன். மெக்கானிக் நிமிர்ந்தார்.

“எங்க குடுத்துப் பாத்தீகக்கா?”

“எங்கயும் இல்ல. எர்த் விட்டிருந்துச்சு. ரிலேயில டிக்குன்னு சத்தம் வந்துச்சு, நீங்க கேக்கலையே.”

“நாலு வண்டி நின்ன அவசரத்துல சொல்லிட்டேங்க்கா. என் தப்புதான்” என்றார். ஏமாற்றுகிற ஆள் இல்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. தலையை ஆட்டிவிட்டு ஆலைக்குக் காரைக் கிளப்பினேன்.

இரண்டு நாள் கழித்துக் கணவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். பட்டறையில் தோடு வாங்க வந்த இருவரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது வாசலிலேயே கேட்டது. “பட்டனை அமுக்குனா ரிலே டிக்குங்கணும். அது வந்துச்சுன்னா ஸ்டியரிங்ல தப்பு இல்ல. எங்க வீட்ல காதை வச்சே கண்டுபிடிச்சிருச்சு.”

உடனே உள்ளே போகவில்லை. தூக்குவாளியைக் கையில் பிடித்தபடி, அவர் சொல்லி முடிக்கும்வரை வெளியிலேயே நின்றேன்.