கலைந்த அட்டைகள்

என் அக்கா வீட்டுக்காரர் பள்ளிக்கூடத் திட்டங்களை மதிப்பீடு செய்பவர். எதையும் மதிப்பிடாமல் அவருக்குச் சோறு இறங்காது. அக்காவின் சமையலுக்கே ‘பலங்கள்’, ‘மேம்படுத்த வேண்டியவை’ என்று பிரித்துச் சொல்வார். வேலைவெட்டி இல்லாத என்னை எந்தப் பிரிவில் வைத்திருந்தார் என்று கேட்காதீர்கள்.

அந்த வருஷம் அவரிடம் வந்தது ஒலியுணர்வுத் திட்டம். ஒரு சொல்லைக் கேட்டதும் அதன் முதல் ஒலி எது என்று பிரித்துச் சொல்லச் சின்னப் பிள்ளைகளைப் பழக்குவது. நல்ல விஷயம்தான். திட்டம் தேறிவிட்டால் எல்லா வகுப்புகளுக்கும் அதுவே போதும், தடுமாறும் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்துப் படிக்கப் பழக்கும் வாசிப்பு டீச்சர் தேவையில்லை என்று மேலிடம் முடிவு கட்டியிருந்தது. அத்தான் மகளே அந்த டீச்சரிடம்தான் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்துக்குப் பை தூக்க என்னையும் கூட்டிப்போனார். படம் போட்ட அட்டைகளை ஒரு வளையத்தில் கோத்திருந்தார்கள். குடையைக் காட்டினால் ‘க்’, மரத்தைக் காட்டினால் ‘ம்’. பிள்ளைகள் பொரிந்து தள்ளினார்கள். அத்தானுக்கு முகமெல்லாம் பல்.

அப்போது அவர் கையிலேயே வளையம் தெறித்து அட்டைகள் சிதறின. பொறுக்கி, கைக்கு வந்த வரிசையில் அடுக்கி, அடுத்த பையனைக் கூப்பிட்டார். முதலில் வந்தது மரம். பையன் அட்டையைப் பார்க்கக்கூட இல்லை. “க்” என்றான். அடுத்து வந்தது வாத்து. “ம்” என்றான். வகுப்பில் பாடம் நடத்தியதும் அதே அட்டைகளை வைத்து, அதே வரிசையில்தான். பிள்ளைகள் வரிசையை நெட்டுருப் போட்டிருந்தார்கள்.

“அத்தான், இவனுக்கு ஒண்ணும் தெரியலயே?” என்று காதைக் கடித்தேன்.

“அட்டை கலைஞ்சுபோச்சுடா, அதான்” என்றார். பழைய வரிசைப்படி அடுக்கி, மறுபடி கேட்டார். எல்லாம் சரியாக வந்தது. அறிக்கையும் அமோகமாக வந்தது. ஊரான் பிள்ளையின் படிப்பில் கைவைத்துவிட்டு மனிதர் நிம்மதியாகத் தூங்கினார். வாசிப்பு டீச்சரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சில மாதத்தில் மகள் புத்தகத்தைக் கண்டாலே அழ ஆரம்பித்தாள். அக்கா சாமியாடிவிட்டாள். “அந்த டீச்சர் கையக் கால புடிச்சாவது பாப்பாவுக்குச் சொல்லிக்குடுக்கச் சம்மதிக்க வச்சுட்டு வாங்க. இல்லன்னா வீட்டுப் பக்கம் வராதீங்க!”

போனோம். டீச்சர் தண்ணீர் கொடுத்து, வந்த விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“பாப்பாவ அனுப்புங்க சார். ஆனா தனியா அனுப்பாதீங்க. என்கிட்ட படிச்ச மத்த பசங்களயும் நீங்களே வீடு வீடா போய்க் கூட்டிட்டு வாங்க. எதுக்குன்னு பெத்தவங்க கேப்பாங்க. அதயும் நீங்களே சொல்லுங்க.”

முதல் வீட்டுக் கதவைத் தட்டினோம். திறந்தவர், அன்று வாத்துக்கு ‘ம்’ சொன்ன பையனின் அப்பா. அத்தானைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

“வாங்க சார், வாங்க! பையன் நல்லாத் தேறிட்டானாமே, ஸ்கூல்ல சொன்னாங்க. எல்லாம் உங்க புண்ணியம்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, தோள் துண்டால் துடைத்தார்.

அத்தான் உட்காரவில்லை.