மாதாவுக்கு வைத்த ஈடு

ஜூன் மாதம் பிறந்தால் எங்கள் சந்து முழுக்க மொட்டைத் தலைகளாக இருக்கும். கோடை லீவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் போனவர்கள் கருப்பட்டியும் கருவாடுமாகப் பம்பாய்த் தாராவிக்குத் திரும்பி வருவார்கள். கூடப் போன பையன்கள் ஊர்க் கோவிலில் நேர்ச்சையை முடித்துவிட்டுச் சந்தனம் காய்ந்த தலையோடு வந்து இறங்குவார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அந்தத் தலைகளில் முள்ளு முள்ளாக முடி எட்டிப் பார்த்துவிடும். அந்த வருடம் நாங்கள் ஊருக்குப் போகவில்லை. மொட்டைகளுக்கு நடுவே இரட்டைப் பின்னலும் சிவப்பு ரிப்பனுமாகத் திரிந்தவன் என் தம்பி.

அவனுக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்து, இருவருமே தவழும் முன் போய்விட்டார்கள். இவன் வயிற்றில் இருந்தபோது அம்மா ஊரில், கடற்கரையோரத்து மாதா கோவிலில் மண்டியிட்டு வேண்டிக்கொண்டாள். பிள்ளை தங்கினால் அவன் முதல் முடி உன் காலடியில்தான், அதுவரை அவன் தலையில் கத்தி படாது என்று. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இது வழக்கம்தான். மூன்று வயதில், மிஞ்சினால் நான்கு வயதில் முடித்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் அது தள்ளிக்கொண்டே போனது. ஒரு வருடம் அப்பாவுக்குத் தோல் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. அடுத்த வருடம் ஊரில் அம்மை கண்டிருக்கிறது என்று செய்தி வந்தது. இந்த வருடம் எல்லாம் கூடி வந்தது, அம்மாவுக்கும் வயிறு கூடி வந்துவிட்டது. நிறைமாதத்தை நெருங்குகிறவளை இரண்டு ராத்திரி ரயிலில் கூட்டிக்கொண்டு போக யாருக்குத் துணிச்சல் வரும்?

தம்பி அதுவரை தன் முடியைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. பின்னலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு கோலி விளையாடுவான். பக்கத்துச் சாலின் வரிசை வீடுகளில் இருந்த மராத்திக்காரிகள் அவனைக் கூப்பிட்டு வைத்துப் பூ வைத்துவிடுவார்கள். அந்தக் கோடையில்தான் பையன்கள் 'லட்கி, லட்கி' என்று பெண்பிள்ளையாக்கித் துரத்த ஆரம்பித்தார்கள். ஒரு நாள் டவுசரை உருவிப் பார்த்துவிட்டார்கள். அழுதுகொண்டே வந்தவன், "எனக்கு இது வேண்டாம்" என்று ரிப்பனைப் பிய்த்து எறிந்தான். அக்காவான நான் போய் அந்தப் பையன்களில் ஒருவனைக் கடித்துவிட்டு வந்தேன். எனக்குப் பத்து வயது. சண்டைக்குப் பஞ்சமில்லாத வாயும் பல்லும் அப்போதே இருந்தன.

அம்மாவும் நானும் அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்றைக்குத்தான் விஷயம் கழுத்தைப் பிடித்தது. எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். பெரிய வாத்தியார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். தம்பியைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டார். இவனை ஆண்பிள்ளைகள் வரிசையில் உட்கார வைப்பதா, பெண்பிள்ளைகள் வரிசையிலா என்று கேட்டார். முந்தைய வருடம் இப்படி முடியோடு வந்த ஒரு பையனை மற்றவர்கள் படுத்திய பாட்டில், அவன் ஒரு மாதத்தில் நின்றுபோனானாம். பிறகு தோல் காயப்போடும் வெளியில் திரிகிறவனாகிவிட்டானாம். முடியை வெட்டிக் கூட்டி வாருங்கள், இடம் வைத்திருக்கிறேன், திறக்கிற அன்றைக்கு வராவிட்டால் காத்திருக்கிற வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். அவர் சொன்னதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறிய தோலைச் சுரண்டிச் சுரண்டி அவர் விரல் நுனிகள் எப்போதும் வெடித்திருக்கும். மகன் அந்தக் கம்பெனி வாசலை மிதிக்கக் கூடாது என்பது அவருடைய ஒரே பிடிவாதம். பெரிய வாத்தியார் சொன்னதைக் கேட்டதும், அம்மா புதன்கிழமைதோறும் போகிற மாதா கோவில் இங்கேயே, பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரத்தில்தானே இருக்கிறது, அங்கே கொண்டுபோய் முடியைக் கொடுத்துவிடலாம் என்றார்.

அம்மா கேட்கவில்லை. "வாக்குக் குடுத்தது அங்க. கொண்டுபோய்க் குடுக்கது இங்கயா?"

"மாதா என்ன ரெண்டு பேரா, ஏட்டி? ஒருத்திதான?"

"ஒருத்திதான். இல்லேங்கல. ஆனா நான் வாய் விட்டது அங்க வச்சு."

அப்பா சட்டையை எடுத்து மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை நானே வெட்டிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அன்று மத்தியானமே வீட்டிலிருந்த கத்தரிக்கோல் காணாமல் போனது. அம்மா அதை அரிசி டின்னுக்குள் புதைத்திருந்தாள். சோறு வடிக்க அரிசி அள்ளப் போன என் கையில் குத்தியது. நான் அதை மறுபடி அரிசிக்குள் தள்ளினேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா வீடு முழுக்கத் தேடியும் கத்தரிக்கோல் கிடைக்கவில்லை.

அப்பாவும் அம்மாவும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சின்ன அறையில் இரண்டு பேர் பேசாமல் இருந்தால் மற்றவர்களுக்கு மூச்சு முட்டும். மழை எந்த நேரமும் இறங்குகிற மாதிரி மூடிக்கொண்டு நின்றது. எல்லோரும் கூரைத் தகரத்துக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார்கள். மற்ற வீடுகளில் பழைய புத்தகங்களுக்கு அட்டை போட்டார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் அதற்கு மனம் வரவில்லை. அம்மா உட்கார்ந்தால் எழுந்தால் தம்பியின் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். அவன் மத்தியானம் தூங்கினால் மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தாள். முந்தின இரண்டு பேரும் தூக்கத்தில்தான் போனார்கள் என்பது எனக்குத் தெரியும். அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. இவன் பள்ளிக்கூடம் போகாவிட்டால், பிரசவத்தை வைத்துக்கொண்டு இவனை யார் பார்ப்பது? நான்தான். அப்புறம் என் ஐந்தாம் வகுப்பு அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் வந்தது. புதன்கிழமை காலையில் அப்பா வேலைக்குப் போனதும், அம்மா எங்கள் இருவரையும் முகம் கழுவச் சொன்னாள். கோவிலுக்குத்தான் என்று நினைத்தேன். அவள் பஸ் ஸ்டாப்புக்குப் போகாமல் குழாயடிப் பக்கம் திரும்பினாள். அங்கே பூவரச மரத்தில் கண்ணாடியை மாட்டி வைத்து முடிவெட்டுகிற அண்ணன் எங்கள் ஜில்லாக்காரர். தம்பியைப் பார்த்ததும், ஒருவழியாக இவனுக்கு விடிந்ததா என்று சிரித்தார். அம்மா அங்கிருந்த மர நாற்காலியில் தானே போய் உட்கார்ந்தாள்.

"மொதல்ல எனக்கு, அண்ணாச்சி. மொட்டை."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். கட்டின புருஷன் இருக்கையில், வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு இந்தக் காரியத்தைத் தன் கையால் செய்ய மாட்டேன் என்றார். அம்மா எழுந்திருக்கவில்லை. கொண்டையை அவிழ்த்து முன்னால் போட்டுக்கொண்டாள். அவள் முடி நாற்காலிக்குக் கீழே வரை இறங்கும். சந்தில் யாருக்கும் அவ்வளவு முடி கிடையாது. எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது. நான் அழுதேன். வரிசையில் நின்ற ஆண்கள் ஒவ்வொருவராக நகர்ந்துபோனார்கள். கடைசியில் அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கோவிலுக்கு முன்னால் நிற்கிற மாதிரி ஒரு நிமிடம் நின்றார். அப்புறம் தண்ணீர் தெளித்தார்.

அம்மா முடிந்து எழுந்ததும் தம்பியை உட்கார வைத்தார்கள். அவனுக்கு மொட்டை கூடாது, கிராப்பு மட்டும் என்று அம்மா கறாராகச் சொன்னாள். மொட்டை ஊர் மாதாவுக்குப் பாக்கியாம். இரண்டு பின்னல்களையும் ரிப்பனோடு அடியில் வெட்டி வாங்கி, பழைய வேட்டித் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். தம்பி கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. பையனாக இருப்பது எப்படி என்று அதில் பார்த்துப் பழகிக்கொண்டிருந்தான்.

அப்புறம்தான் கோவில். அங்கே மெழுகில் செய்த கை, கால், குழந்தை என்று அவரவர் வேண்டுதலைக் கொண்டுவந்து வைப்பார்கள். முடியை வாங்குகிற பழக்கம் கிடையாது. விளக்கு துடைத்துக்கொண்டிருந்த கிழவர் ஏதோ கொங்கணியில் சத்தம் போட்டார். அம்மாவுக்குக் கொங்கணி தெரியும், அன்றைக்குத் தெரியாதவளாகிவிட்டாள். தன் முடிச் சுருளை அந்த மெழுகுக் குழந்தைகளுக்கு நடுவில் வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேகமாக வெளியே வந்தாள்.

சாயங்காலம் அப்பா வந்தார். வாசலில் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தவளை அடையாளம் தெரியாமல் தாண்டிக்கொண்டு உள்ளே போய், திரும்பி வந்தார். அவர் கண்ணில் அவ்வளவு பயத்தை நான் பார்த்ததில்லை.

"நான் உசுரோட இருக்கும்போதேவாட்டி?" என்று கேட்டார்.

"நீங்கதான சொன்னிய, மாதா ஒருத்திதான்னு. அவன் மொட்டையைக் கொண்டுபோய்ச் சேக்குத வரைக்கும் என் முடிய இங்க ஈடா வச்சிருக்கேன். அங்க உள்ள மாதாகிட்ட இங்க உள்ளவளே சொல்லிக்கிடட்டும்."

அப்பா செம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார். முகம் கழுவுகிற சாக்கில் வெகுநேரம் குழாயடியிலேயே நின்றார்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று மழையும் திறந்துகொண்டது. அப்பா கம்பெனிக்குப் போக வேண்டியிருந்ததால் அம்மாதான் வந்தாள். புடவைத் தலைப்பால் தலையை இறுக்கி மூடியிருந்தாள். பெரிய வாத்தியார் தம்பியின் கிராப்பைப் பார்த்துச் சிரித்து, பெயரைப் பதிந்து, ஒன்றாம் வகுப்பைக் கை காட்டினார். எனக்குத் தோளிலிருந்து பாரம் இறங்கியது. வராந்தாவில் வகுப்பு வாசலுக்கு வந்தபோது அம்மா தம்பியின் தலையைத் தொட்டாள். நனைந்திருந்தது. ஜலதோஷம் பிடித்துவிடும் என்ற பயத்தில், தன் தலையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. தலைப்பை உருவி அவன் தலையைப் பரபரவென்று துவட்டினாள்.

வகுப்பே சிரித்தது. முன் வரிசையில் இருந்த ஒருவன் எழுந்து நின்று கேட்டான்.

"யாருல அது, மொட்டச்சி?"

தம்பி அம்மாவின் கையைத் தள்ளிவிட்டான். "பக்கத்து வீட்டுக்காரி" என்று சொல்லிவிட்டு, உள்ளே ஓடிப்போய் ஆண்பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்துகொண்டான்.

உள்ளே போய் அவனை இழுத்துப்போட்டு அறைய இருந்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது. மறு கையால் தலைப்பை எடுத்து மெதுவாகத் தலையை மூடினாள்.

"விடு. யாருன்னு வேணும்னாலும் சொல்லிக்கிடட்டும்," என்றாள். "உசுரோட இருந்தாப் போதும்."

மணி அடித்தது. நான் என் வகுப்புக்குப் போகும்போது திரும்பிப் பார்த்தேன். மழையில் நனைந்தபடி ஜன்னலுக்கு வெளியே நின்று, அவன் தலை காய்ந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், பக்கத்து வீட்டுக்காரி.